ஃபோர்க் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்

தரவை அதன் தொடர்புகளோடு சேர்த்துச் சேமிக்கும் குஸு கிராஃப் டேட்டாபேஸின் கிட்ஹப் களஞ்சியம் 2025 அக்டோபரில் பூட்டப்பட்டது. படிக்கலாம், நகலெடுக்கலாம். பிழை பதிய முடியாது, திருத்தம் அனுப்ப முடியாது. ஆனாலும் அதை புரொடக்‌ஷனில் ஓட்டும் குழுக்களிடம் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "எம்ஐடி லைசென்ஸ்தானே, ஃபோர்க்கும் வந்தாச்சு, அப்புறம் என்ன?"

அப்புறம்தான் எல்லாமே இருக்கிறது. ஃபோர்க் என்பது மூல நிரலை நகலெடுத்து வேறொருவர் தனியாகத் தொடரும் திட்டம். எம்ஐடி உரிமம் தருவது மூல நிரலை எடுத்து மாற்றவும் விநியோகிக்கவுமான அனுமதி. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும். ஆனால் பைபிஐ, என்பிஎம் என்ற பேக்கேஜ் தளங்களில் உள்ள பெயர் அதோடு வராது. வீல் எனப்படும், அப்படியே நிறுவத்தக்க பைத்தான் பேக்கேஜ்களைக் கட்டும் இயந்திரங்கள் வராது. கூடுதல் வசதிகளை இறக்கித் தரும் எக்ஸ்டென்ஷன் சர்வர் வராது. ஃபோர்க் பட்டனை அழுத்த ஒரு நொடி போதும். லினக்ஸ், மேக், விண்டோஸ் என ஒவ்வொன்றுக்கும், பைத்தான், நோட், ரஸ்ட், ஜாவா, கோ என ஒவ்வொரு மொழிக்கும் வெளியீடுதோறும் பைனரி கட்டிச் சோதிப்பதுதான் பராமரிப்பு. புது அம்சம் எழுத ஆள் கிடைப்பார்கள். உடைந்த பில்டைச் சரிசெய்ய உட்காருபவர்கள் குறைவு.

2024 மார்ச்சில் ரெடிஸ் டேட்டாபேஸ் உரிமத்தை மாற்றியபோது அதன் ஃபோர்க்கான வால்கீ உடனே காலூன்றியதைப் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். அதன் பின்னால் லினக்ஸ் ஃபவுண்டேஷன் இருந்தது. அமேசான், கூகுள், ஆரக்கிள் போன்ற நிறுவனங்களின் சம்பளம் வாங்கும் பொறியாளர்களும் இருந்தார்கள். வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வில் முளைத்த குஸுவுக்கு அப்படி ஒரு படை இல்லை. லேடிபக், பிக்ஹார்ன், ரியூகிராஃப் என்று ஃபோர்க்குகள் பிரிந்து நிற்கின்றன. இருக்கும் கொஞ்சம் கைகளும் சிதறினால் எதுவும் நிலைக்காது.

பயனர்கள் முதலில் தங்கள் தரவைப் பாருங்கள். கடைசி வெளியீடு 0.11.3. அந்தப் பதிப்பு எண்ணை அப்படியே பூட்டி, பைத்தான் நிறுவல் கருவியின் 'பிப் டவுன்லோட்' கட்டளை கொண்டு வீல் கோப்புகளை உங்கள் சொந்த சேமிப்பில் வையுங்கள். அதில் வீல் இல்லாத பைத்தான் பதிப்புக்கு நீங்கள் மாறும் அன்று, பிப் மூல நிரலிலிருந்து கட்ட முயலும். அதற்கு வேண்டிய சிமேக் பில்ட் கருவியும் சி++20 கம்பைலரும் இல்லாத டாக்கர் இமேஜ் அங்கேயே விழும்.

தரவுக் கோப்பை மட்டும் காப்பி எடுத்து 'பேக்கப்' என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் இருக்கும் வால் (WAL, மாற்றங்களை முதலில் எழுதும் பதிவு) கோப்பில்தான் கடைசிப் பரிவர்த்தனைகள் இருக்கக்கூடும். அவற்றைத் தரவுக் கோப்பில் சேர்க்கும் 'செக்பாயின்ட்' கட்டளையை ஓட்டி, இணைப்பை மூடிவிட்டுப் பிறகு நகலெடுங்கள். அதைவிட நல்லது 'எக்ஸ்போர்ட் டேட்டாபேஸ்'. ஸ்கீமாவும் ஏற்றும் கட்டளைகளும் சைஃபர் வினவல் மொழிக் கோப்புகளாகவும், தரவு பார்க்கே எனும் பொதுக் கோப்பு வடிவிலும் வெளிவரும். பார்க்கேவை எந்த ஃபோர்க்கும் படிக்கும், டக்டிபி டேட்டாபேஸும் படிக்கும். தரவை எழுதிய குஸு பதிப்பைக் கொண்டே ஏற்றுமதி செய்யுங்கள். 0.11க்கு முந்தைய டேட்டாபேஸ்கள் ஒற்றைக் கோப்பாக இல்லாமல் கோப்புறையாக இருந்தவை. அவற்றைப் புதுப் பதிப்பு நேரடியாகத் திறக்காது. இறக்குமதி முடிந்ததும் ஒவ்வொரு நோட் டேபிளிலும் ரிலேஷன் டேபிளிலும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெக்டர், ஃபுல்-டெக்ஸ்ட் இன்டெக்ஸ்களில் ஒரு தேடலாவது ஓட்டிப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். அல்கோ (கிராஃப் அல்காரிதம்கள்), எஃப்டிஎஸ் (ஃபுல்-டெக்ஸ்ட் தேடல்), ஜேசான், வெக்டர் நான்கும் 0.11.3க்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டன. இணையத்தில் உள்ள கோப்புகளைப் படிக்கும் எச்டிடிபிஎஃப்எஸ் போன்றவை வெளியிலிருந்து இறங்க வேண்டும். சர்வர் போனால், புது மெஷினில் 'இன்ஸ்டால்' வரி தோற்கும். பழைய மெஷினில் ஏற்கெனவே இறங்கியது இருப்பதால் யாருக்கும் தெரியாது. உங்கள் சொந்த நெட்வொர்க்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் சர்வர் ஓட்டுங்கள்.

ஃபோர்க் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பு வடிவப் பதிப்பு எண்ணை ஆளுக்கொரு பக்கம் உயர்த்தாதீர்கள். இரண்டு ஃபோர்க்குகள் ஒரே எண்ணை வெவ்வேறு வடிவத்துக்குக் கொடுத்தால், திறக்க மறுக்க வேண்டிய கோப்பைத் திறந்து தவறாகப் படிக்கும் நிலை வரும். எது மோசமென்று சொல்ல வேண்டியதில்லை. வடிவம் மாறும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால், பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கும் சோதனையை சிஐயில் (தானியங்கி பில்ட்-சோதனை அமைப்பில்) கட்டாயமாக்குங்கள். பாதுகாப்புக் குறைகளைத் தனியாகத் தெரிவிக்க ஒரு முகவரி கொடுங்கள். வெளியீட்டுச் சாவி குறைந்தது இருவரிடம் இருக்கட்டும்.

நிறுவனங்களுக்கு: ஒத்த பெயரில் வரும் பேக்கேஜ்களைக் கண்ணை மூடிக்கொண்டு நிறுவாதீர்கள். களஞ்சியப் பக்கத்திலிருந்து இணைப்பைப் பின்தொடர்ந்து போங்கள். உங்கள் பொறியாளர் கண்டுபிடித்த பிழைக்கான திருத்தத்தை உள்ளேயே பூட்டி வைக்காமல், நீங்கள் தேர்ந்த ஃபோர்க்குக்கு, அந்தப் பிழையை மீண்டும் வரவழைத்துக் காட்டும் சைஃபர் வினவலோடு அனுப்புங்கள். மாதத்தில் ஒரு நாள் அவரை பில்ட் வேலைக்கு விடுங்கள். மேக்கில் பில்ட் ஓட்டும் ரன்னர் இயந்திரத்தின் செலவை ஏற்றுக்கொண்டாலும் போதும்.