பக்கவாதத்துக்குப் பின் எந்த மொழி திரும்பும்?

மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரமும் கடைத்தெருவில் தமிழும் பேசும் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு தடைபட்டால், மருத்துவமனையில் தமிழில் கேட்டுப் பார்ப்போம். பதில் வராவிட்டால் பேச்சே போய்விட்டது என்று எழுதிவிடுகிறோம். சௌராஷ்டிரத்தில் யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு.

மூளையில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அறை என்று தனித்தனியாக இல்லை. 1997இல் அமெரிக்காவில் ஜாய் ஹிர்ஷ் குழுவினர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தையிலேயே இரண்டு மொழியும் கற்றவர்களுக்கு, பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே இடம். வளர்ந்தபின் கற்றவர்களுக்கு இரண்டும் அடுத்தடுத்து, சற்றே விலகி இருந்தன. ஒரு மொழியில் பேசும்போது மற்றதும் உள்ளே விழித்தேதான் இருக்கிறது. அதை அடக்கி வைப்பது மூளையின் முன்பகுதியும் ஆழத்திலுள்ள காடேட் என்ற பகுதியும் சேர்ந்து செய்யும் வேலை. அங்கே அடிபட்டால், எதிரில் இருப்பவருக்குப் புரியாத மொழிக்கு நோயாளி தாவிவிடலாம். புத்தி பேதலித்துவிட்டதாக வீட்டார் கலங்குவார்கள். அப்படியல்ல, கட்டுப்பாடு மட்டும்தான் தளர்ந்திருக்கிறது.

பெரும்பாலோருக்கு இரண்டு மொழியும் சேர்ந்தே மீள்கின்றன. சிலருக்கு ஒன்று முந்தும். முதலில் கற்றதே முந்தும் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ (1881). அதிகம் புழங்கியதே முந்தும் என்றார் பிரெஞ்சு மருத்துவர் பீத்ரே (1895). இரண்டும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. 1982இல் மிஷேல் பாரடி (Michel Paradis) குழுவினர் பதிவுசெய்த நோயாளி ஒருவர், பிரெஞ்சும் அரபும் தெரிந்த கன்னியாஸ்திரீ. ஒருநாள் அரபு நன்றாக வரும், பிரெஞ்சு வராது. மற்றொரு நாள் தலைகீழ். வராத மொழி அழிந்துபோயிருந்தால் மறுநாள் எப்படி வரும்? அது உள்ளேயே இருந்திருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை.

இரண்டு மொழி தெரிந்திருப்பது மூளைக்குச் சுமையும் அல்ல. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தார்கள். சிந்தனைத் திறன் இயல்பாக இருந்தவர்கள் இருமொழியாளரில் 40.5 சதவீதம், ஒருமொழியாளரில் 19.6 சதவீதம். ஆனால் பேச்சிழப்பு இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது.

ஆகவே பேச்சுப் பயிற்சிக்கு முதல் முறை வரும்போதே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்: நோயாளிக்கு என்னென்ன மொழி தெரியும், எந்த வயதில் கற்றார், யாரிடம் எதைப் பேசுவார், எதில் எழுதப் படிக்கத் தெரியும், கோபம் வந்தால் எதில் திட்டுவார். குழம்பிவிடுவார் என்று பயந்து வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். கலந்து பேசினால் திருத்தாமல் பதில் சொல்லுங்கள். சிகிச்சையாளருக்கு அந்த மொழி தெரியாவிட்டால், தெரிந்த உறவினர் ஒருவர் பயிற்சியின்போது கூடவே உட்காரட்டும்.