ரோலிங் கோடு – மாறுகுறி: ஒரு சொல் விளக்கம்

களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கத்து வாழைத் தோட்டங்களில், ஸ்டார்ட்டரைத் தட்டுவதற்காக மோட்டார் ரூம் வரைக்கும் நடக்கிற வேலை குறைந்துகொண்டு வருகிறது. எலக்ட்ரானிக்ஸில் கை வைக்கத் தெரிந்த பையன் ஒருவன் வீட்டில் இருந்தால் போதும். பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சிவப்புப் பொத்தானோடு தொடராக இன்னொரு ரிலே, 433.92 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் ஒன்று, அதற்கு ஆன்டெனாவாகப் பதினேழு சென்டிமீட்டர் ஒயர். ரிமோட் தயார். வரப்பில் நின்றபடியே தண்ணீரைத் திறக்கலாம்.

சில நாள் கழித்து அடுத்த வயல்காரர் வந்து சொல்வார்: "அண்ணாச்சி, நீங்க அமுக்குனா எங்க மோட்டாருல்லா ஓடுது!"

இதைச் சிரித்துவிட்டு விடக்கூடாது. கிணற்றுக்குள் ஒருவர் இறங்கி ஃபுட்வால்வைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மேலே மோட்டார் தானாக ஓடினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் கீழே போன கிணற்றில் ராத்திரி முழுக்க வெறுமனே ஓடினால் பம்பு சூடேறிக் கெட்டுப்போகும். (ரிமோட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கிணற்றில் இறங்குமுன் மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாற்று கிடையாது.) இந்தக் கோளாறுக்கு மருந்து கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் சொல் 'ரோலிங் கோடு'. அந்தச் சொல்லின் பொருளைத் தவறாகப் புரிந்துகொண்டு, செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுகிறவர்கள் அதிகம்.

முதலில், மலிவான ரிமோட்டில் நடப்பது என்ன? பிடி 2262 என்ற பழைய சில்லை எடுத்துக்கொள்வோம். நான்கு பொத்தான் ரிமோட்டில் அதற்கு எட்டு முகவரிக் கால்கள் இருக்கும். ஒவ்வொரு காலையும் பிளஸ்ஸில் சேர்க்கலாம், மைனஸில் சேர்க்கலாம், எதிலும் சேர்க்காமல் விடலாம். மொத்தம் 6,561 முகவரிகள் கிடைக்கும். ஹெச்டி 12இ என்ற இன்னொரு சில்லு என்றால் 256 தான். ரிமோட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் எட்டுக் கால்களும் ஒரு சொட்டு ஈயம் படாமல் வந்தபடியே இருக்கும். அடுத்த தோட்டத்து ரிமோட்டும் அப்படியே இருந்தால், உங்கள் பொத்தானுக்கு அவர் மோட்டார் ஓடுவதில் வியப்பில்லை. பின்னால் வந்த இவி 1527 சில்லில் 20 பிட் எண் ஒன்று தொழிற்சாலையிலேயே பதிந்து வருகிறது, 10,48,576 வாய்ப்புகள். தற்செயலாக ஒத்துப்போவது அதோடு அநேகமாக நின்றது. ஆனால் ஒரு குறை அப்படியே இருக்கிறது. பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் அதே எண்தான் காற்றில் போகிறது. அதை ஒருமுறை பிடித்துப் பதிந்து வைத்தவன், எப்போது வேண்டுமானாலும் திரும்ப அனுப்பலாம். இதற்கு மீள்செலுத்தல் என்று பெயர். எப்போதும் ஒன்றையே சொல்லும் இந்த வகையை நிலைக்குறி எனலாம்.

இனி ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். 'கோடு' என்பதன் வேர் லத்தீனில் மரத்தின் அடித்தண்டைக் குறிக்கும் சொல். மரப்பலகையில் மெழுகு பூசி எழுதிய ஏட்டுக்கு அது பெயராயிற்று. பிறகு ஏடுகளில் எழுதிய சட்டத் தொகுப்புக்கு. அதற்கும் பிறகு செய்தி அனுப்பும் குறித்தொகுதிக்கு. 'ரோலிங்' சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இதே நுட்பத்துக்கு 'ஹாப்பிங் கோடு', அதாவது தாவும் குறி, என்றும் பெயர் உண்டு. ஹாப்பிங் என்ற பெயரைப் பரப்பியது கீலாக். 1980களின் நடுவில் தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் உருவான முறை அது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. எச்சிஎஸ் 301 போன்ற சில்லுகளாக அது கார் சாவிகளிலும் கேட் ரிமோட்டுகளிலும் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

தமிழில் இதைச் 'சங்கேதக் குறி', 'ரகசியக் குறி' என்று எழுதுகிறார்கள். இரண்டும் வழிதவறச் செய்யும். குறியை எவ்வளவு பூட்டிப் பூடகமாக்கி அனுப்பினாலும், ஒவ்வொரு முறையும் அதே பூடகம் போனால் திருடனுக்கு அதன் பொருள் தெரியவேண்டிய அவசியமே இல்லை. கேட்டதை அப்படியே திரும்பச் சொன்னால் மோட்டார் ஓடும். நேற்றுச் செல்லுபடியான குறி இன்று செல்லாமல் போவதில்தான் காப்பு இருக்கிறது. 'உருள்குறி' என்று நேராகப் பெயர்த்தாலும், உருண்டு மறுபடி பழைய இடத்துக்கே வரும் என்ற எண்ணத்தைத் தருகிறது.

எனக்குப் பொருத்தமாகப் படுவது மாறுகுறி. மாறுவேடம் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம்; மாறுதிசை மின்னோட்டம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். இது வினைத்தொகை. மாறிய குறி, மாறுகின்ற குறி, மாறும் குறி என மூன்று காலத்துக்கும் விரியும். ரிசீவர் செய்யும் வேலையும் அந்த மூன்றுதான்: போன குறியை நினைவில் வைக்கிறது, வந்த குறியை அதோடு ஒப்பிடுகிறது, இனி வரக்கூடியதை எதிர்பார்த்திருக்கிறது.

'குறி' என்ற பாதிக்கு இன்னும் பழைய உரிமை இருக்கிறது. அகப்பொருள் இலக்கணத்தில் தலைவனும் தலைவியும் சந்திக்கப் பேசிவைத்த இடம் குறி. பகற்குறி, இரவுக்குறி என இரண்டு. இரவில் வந்த தலைவன் நீரில் கல்லெறிந்தோ புள்ளை எழுப்பியோ தன் வரவை உணர்த்துவான். அதே ஒலி, காய் தானாக உதிர்ந்து நீரில் விழுந்தாலும் எழும். அதை அவன் செய்த குறி என்று நம்பி வெளியே வந்து தலைவி ஏமாந்து திரும்புவதற்கு அல்லகுறிப்படுதல் என்று பெயர். தொல்காப்பியக் களவியலில் இந்தச் சொல் இருக்கிறது. உண்மையான ஆள் அனுப்பாத, ஆனால் அவன் அனுப்பியது போலவே இருக்கிற குறி. போலி ரிமோட் குறிக்கு இதைவிடச் சரியான சொல்லைப் புதிதாகச் செய்ய முடியாது. நிலைக்குறி ரிசீவர் அல்லகுறிப்படும். மாறுகுறி ரிசீவர் எளிதில் படாது.

வேலை செய்யும் விதம் இது. ரிமோட்டுக்குள் ஓர் எண்ணி இருக்கிறது. ஒவ்வோர் அமுக்கலுக்கும் அது ஒன்று கூடும். அந்த எண்ணை, ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் மட்டுமே தெரிந்த திறவெண்ணோடு கலந்து அனுப்புகிறது. ரிசீவர் பிரித்துப் பார்த்து, கடைசியாக ஏற்ற எண்ணைவிடப் பெரியதாக இருந்தால்தான் ஒப்புக்கொள்ளும். ரிமோட் சட்டைப் பையில் கிடந்து சும்மா அமுங்கினால் எண்ணி முன்னே ஓடிவிடுமே? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கீலாக்கில் அடுத்த 16 எண்கள் வரை தடையின்றி ஏற்கும். அதையும் தாண்டியிருந்தால் அடுத்தடுத்த இரண்டு குறிகளைக் கேட்டு ஒத்துப்போகும்.

ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இதைச் சொந்தமாக எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, அது நம் ஊர் மின்சாரத்தோடு சம்பந்தப்பட்டது. எண்ணியை, கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவகமான ரேமில் மட்டும் வைத்தால், கரண்ட் போய் வந்ததும் ரிசீவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். திருடன் பதிந்து வைத்த பழைய குறிகளெல்லாம் மறுபடி செல்லுபடியாகிவிடும். தோட்டத்து மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிற இடத்தில் இது தினமும் நடக்கும். ஆகவே எண்ணியை, கரண்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமில் எழுதவேண்டும். ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள சில்லின் ஈஈப்ராம் 1,00,000 முறை எழுதத் தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. ஏற்றுக்கொண்ட கட்டளைக்கு மட்டும் எழுதினால், நாளைக்கு இருபது தரம் அமுக்கினாலும் பதின்மூன்று வருஷம் ஓடும். ரிமோட் பக்கமும் அப்படியே: பேட்டரி மாற்றும்போது எண்ணி அழியக்கூடாது.

மாறுகுறியிலும் ஓட்டை உண்டு. 2008இல் ஜெர்மனியின் போகும் (Bochum) என்ற நகரத்து ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கீலாக் சில்லு மின்சாரம் உறிஞ்சும் ஏற்ற இறக்கத்தை அளந்தே திறவெண்ணை வெளியே எடுத்துக் காட்டினார்கள். 2015இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி காம்கர் செய்து காட்டியது வேறு வகை. ரிசீவரின் காதை இரைச்சலால் அடைத்துவிட்டு முதல் குறியைப் பதிந்துகொள்வது; திறக்கவில்லையே என்று உரியவர் மறுபடி அமுக்கும்போது இரண்டாவதையும் பதிந்து, முதல் குறியை மட்டும் ரிசீவருக்கு அனுப்புவது. கதவு திறந்துவிடும், உரியவருக்குச் சந்தேகம் வராது. பயன்படுத்தாத இரண்டாவது குறி திருடன் கையில் இருக்கும். வாசல் கேட்டுக்கு ரிமோட் செய்கிறவர்கள் இதற்காகவாவது இருவழி ரேடியோவுக்கு, என்ஆர்எஃப் 24எல்01 மாதிரி ஒன்றுக்கு, மாறுவது நல்லது. அதில் ரிசீவர் ஒரு புது எண்ணை அனுப்பிக் கேட்க, ரிமோட் திறவெண் கலந்து விடை சொல்லும். வினாவிடை முறை என்று சொல்லலாம். கேட்கும் எண்ணை ஆர்டுயினோவின் ரேண்டம் கட்டளையிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். தொடக்கமாக ஒரு விதை எண் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் அது அதே வரிசையைத்தான் தரும்.

கடையில் வாங்கும்போது ஒரு குழப்பம். 'லேர்னிங் கோடு' என்று பெட்டியில் அச்சிட்டு விற்பதும் 'ரோலிங் கோடு' என்பதும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுகின்றன. ஒன்றைக் கேட்டால் மற்றதை எடுத்துத் தருகிறார்கள். லேர்னிங் கோடு என்பது, ரிமோட்டின் எண்ணை ரிசீவர் கற்று நினைவில் வைப்பது மட்டுமே. இவி 1527 வகை பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அது நிலைக்குறி. சந்தேகம் இருந்தால், கேட் ரிமோட்டை நகலெடுக்கும் காப்பி ரிமோட் ஒன்றில் உங்கள் ரிமோட்டைப் பதிந்து பாருங்கள். நகல் திரும்பத் திரும்ப வேலை செய்தால் கையில் இருப்பது நிலைக்குறி ரிமோட். அதை மோட்டாருக்குப் போடாமல் முற்றத்து விளக்குக்குப் போட்டுக்கொள்ளலாம்.