பின்னோக்கி ஊரும் நெரிசல்: லண்டன் எம்25 சாலையின் கதை

நகரைச் சுற்றி அகலமான வட்டச் சாலை அமைத்த பின்னரும் அதில் வாகனங்கள் தேங்குவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு லண்டனின் எம்25 நெடுஞ்சாலையை விடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

1944இல் நகரத் திட்டமிடுநர் பேட்ரிக் ஆபர்குரோம்பி வகுத்த பெருலண்டன் திட்டத்திலேயே வட்டச் சாலைகள் இடம்பெற்றிருந்தன. 1960களில் அவை நான்கு வளையங்கள் கொண்ட பெருந்திட்டமாயின. உள்வளையங்களுக்காக ஏராளமான வீடுகளை இடிக்க நேரும் என்பதால் மக்களின் எதிர்ப்பு வலுத்து, 1973இல் அவை கைவிடப்பட்டன. வெளிப்புற வளையங்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பகுதியை எடுத்து இணைத்ததன் விளைவே எம்25. அதன் முதல் துண்டு 1975இல் திறக்கப்பட்டது. கடைசித் துண்டை 1986 அக்டோபர் 29 அன்று பிரதமர் மார்கரெட் தாட்சர் திறந்து வைத்தார். நீளம் சுமார் 188 கிலோமீட்டர். தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபோர்டு பகுதிக்கு ஏ282 என்று வேறு எண் உள்ளதால், கறாராகப் பார்த்தால் அது முழு வட்டமும் அன்று.

புதிய சாலை புதிய பயணங்களையும் ஈர்க்கும் என்பதை பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழுவே 1994இல் ஒப்புக்கொண்டது. ஆனால் விபத்தோ சாலைப்பணியோ இல்லாத இடத்திலும் நெரிசல் முளைப்பதுதான் உண்மையில் வியப்புக்குரியது. வாகனங்கள் நெருக்கமாகச் செல்லும்போது ஒருவர் லேசாக பிரேக்கை மிதிக்கிறார். பின்னால் வருபவர் அதைக் கண்டு உணர்வதற்குள் இடைவெளி குறைந்துவிடுவதால் சற்றுக் கூடுதலாக மிதிக்கிறார். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் கூடுதலாக மிதிக்க, வெகு பின்னால் வரும் ஒரு வண்டி முற்றிலும் நின்றுவிடுகிறது. அதற்குள் முதலில் பிரேக் பிடித்தவர் எங்கோ போயிருப்பார். தேக்கத்தின் முன்முனையிலிருந்து வண்டிகள் விடுபட, பின்முனையில் புதியவை வந்து சேர்வதால், வண்டிகள் முன்னோக்கிச் செல்ல நெரிசல் மட்டும் ஓர் அலைபோலப் பின்னோக்கி ஊர்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொல்லி, சிறிது நேரத்தில் இதே அலை தானாக எழுந்து மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னகர்ந்ததை 2008இல் வெளியிட்டனர். வண்டிகள் குறைவாக இருந்தால் அலை அடங்கிவிடும். அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால் வளரும்.

இந்த அலையைக் கட்டுப்படுத்தும் முயற்சியாக, 1995இல் எம்25 சாலையின் தென்மேற்குப் பகுதியில் மாறும் வேக வரம்பு அறிமுகமானது. தார்ப்பரப்பின் கீழ் புதைத்த கம்பிச் சுருள்களின் மேல் வண்டியின் உலோகம் கடக்கும்போது அவற்றின் மின்தூண்டல் (காந்தப்புலம் சார்ந்த மின்பண்பு) மாறுகிறது. அதிலிருந்து வண்டிகளின் எண்ணிக்கையும் வேகமும் கணக்கிடப்படுகின்றன. அடர்த்தி கூடினால், மணிக்கு 70 மைல் (112 கிலோமீட்டர்) என்ற வழக்கமான வரம்பு பலகைகளில் 60 மைலாகவோ (96 கிலோமீட்டர்) 50 மைலாகவோ (80 கிலோமீட்டர்) குறைகிறது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் செல்வதால் திடீர் பிரேக்குகள் குறைகின்றன. தேக்கத்தின் பின்முனையில் வந்து சேரும் வண்டிகளும் குறைவதால் அலை வளர வழியில்லாமல் போகிறது. முன்னே சாலை காலியாகத் தெரியும்போது பலகை 50 என்று காட்டினால் ஓட்டுநர்கள் எரிச்சலடைகிறார்கள்; சில கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தம்மை நோக்கி ஒரு தேக்கம் ஊர்ந்து வருவது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.