கட்டையின் மூக்கைத் தூக்கு

டிராக்டரின் பின் சக்கரம் இரண்டும் சேற்றைக் குடைந்துகொண்டு கீழே இறங்கின. கட்டை மட்டும் அசையவில்லை.

2022 ஏப்ரல் வெள்ளம் வடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழை அது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் பலியானார்கள். டோங்காட் பக்கம் எங்கள் கரும்புக் காட்டு ஓரத்திலும் பெரிய பெரிய தைல மரங்கள் ஒதுங்கிக் கிடந்தன. இங்கே கம் மரம் என்றால்தான் யாருக்கும் புரியும். ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்ச விறகு வேண்டும்; கேஸில் காய்ச்சினால் எங்கள் ஆயா அதைக் கஞ்சி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால்தான் மாமா தன் 25 குதிரைத்திறன் டிராக்டரோடு வந்திருந்தார்.

“இன்னும் பெரிய எஞ்சின் வேணும் மாமா.”

“எஞ்சின் நல்லாத்தான் சுத்துது. மண்ணு பிடி கொடுக்கலடா.”

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டை 4 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் விட்டம். கன அளவு சுமார் 1.13 கன மீட்டர். பச்சைக் கம் மரம் ஏறத்தாழ தண்ணீரின் அடர்த்தியே இருக்கும். ஆகவே எடை 1,130 கிலோ. மண்ணில் இழுக்கும்போது உராய்வு எடையில் பாதிக்கு மேல் வரும். 680 கிலோ என்று வைப்போம். டிராக்டரின் எடை 1,300 கிலோ, அதில் பின் சக்கரங்கள் மேல் இருப்பது 780 கிலோ அளவு. ஈர மண்ணில் சக்கரம் தன்மேல் உள்ள பாரத்தில் பாதியைத்தான் இழுவையாக மாற்றும். அதாவது 390 கிலோ. இந்த இடத்தில் 100 குதிரை எஞ்சினைப் பொருத்தினாலும் குழி இன்னும் சீக்கிரம் விழும், அவ்வளவுதான்.

மாமா சங்கிலியைக் குட்டையாகப் பிடித்து, பின்னால் இருக்கும் ஹைட்ராலிக் தூக்கியில் கட்டையின் ஒரு முனையை ஓரடி உயர்த்தினார். இதில் இரட்டை லாபம். கட்டையின் பாதி எடை தரையை விட்டு எழுந்ததால் உராய்வும் பாதியானது. எழுந்த பாதி டிராக்டரின் பின் சக்கரத்தில் உட்கார்ந்து, பிடியைக் கூட்டியது. எதை இழுக்க முடியவில்லையோ அதுவே இழுக்க உதவுகிறது!

ஆனால் பின்னால் தொங்கும் பாரம் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. மாமா உடனே நிறுத்திவிட்டார். கட்டையை இரண்டாக அறுத்தோம். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மாமா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். தரையில் கிடக்கும் கட்டையை இழுக்கும் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே எங்கும் மாட்டக் கூடாது. கீழே மாட்டினால் இழுவை முன்பக்கத்தை அவ்வளவு எளிதில் தூக்காது. மேலே மாட்டி, கட்டை எதிலாவது சிக்கினால், டிராக்டர் பின் சக்கரத்தைச் சுற்றி மல்லாக்கக் கவிழும். ஒன்றரை நொடி போதும். கிளட்ச்சை மிதிக்க நேரமிருக்காது.

அறுப்பதும் லேசான வேலை இல்லை. இரு முனையும் மேட்டில் தாங்கி நடுவில் தொங்கும் கட்டையில் மேல்பக்கம் நெருக்கப்பட்டிருக்கும், கீழ்ப்பக்கம் விரிந்திருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடி, செயின் சா என்கிற மோட்டார் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். வெள்ளக் கட்டை என்றால் பட்டைக்குள் மணலும் இருக்கும். முதல் வெட்டிலேயே செதிலாக வந்துகொண்டிருந்தது மாவாக மாறியது, பல் மழுங்கிவிட்டது. அதன்பிறகு வெட்டும் இடத்தில் பட்டையைக் கோடரியால் செதுக்கிவிட்டுத்தான் மெஷினை வைத்தோம்.

பிளப்பதைப் பச்சையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மரம் என்பது விளக்குமாறு மாதிரி. ஈர்க்குகளைக் குறுக்கே முறிப்பது கஷ்டம், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது சுலபம். கம் மரத்தில் அந்த ஈர்க்குகள் முறுக்கிப் பின்னிக் கிடப்பதால் நடுவில் ஆப்பு அடித்தால் கோபம்தான் வரும். ஓரத்திலிருந்து பலகை பலகையாகப் பெயர்க்க வேண்டும்.

பச்சை விறகு ஏன் மக்கர் செய்கிறது? 10 கிலோ விறகில் 5 கிலோ தண்ணீர் என்றால், அதை ஆவியாக்க ஆகும் வெப்பம் விறகு தரும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் நஷ்டம் அதோடு நிற்பதில்லை. ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. மரத்திலிருந்து எரியும் வாயு நன்றாகக் கிளம்பவோ 250, 300 டிகிரி வேண்டும். அரைகுறையாகக் கிளம்பும் வாயு எரியாமல் புகையாகப் போய்விடும். நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு இழப்பது நல்ல எரிபொருளை.

தண்ணீர் நார் ஓடும் திசையில் வேகமாக வெளியேறும், குறுக்கே மெதுவாகத்தான். அதனால் 40 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மெல்லியதாகப் பிளந்து, வெட்டுமுகம் காற்றைப் பார்க்க அடுக்கினோம். நட்டாலில் ஜூன், ஜூலை மழை குறைந்த குளிர்காலம். அது எங்கள் அதிர்ஷ்டம்.

ஆடியில் ஆயா இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். “டங்” என்று கேட்டதை அடுப்புப் பக்கம் போட்டார். “தொப்” என்றதை மாமாவிடம் நீட்டி, “இது அடுத்த வருஷத்துக்கு” என்றார். பாதிக்கு மேல் மாமாவிடம்தான் போனது.