பாரமா, சுமையா? கலாத்தியர் 6-இல் ஒரு சொல் சிக்கல்

சபைக்குப் போகிறவர்கள் பேச்சில் 'பாரம்' அடிக்கடி வரும். "கர்த்தர் இந்த ஊரைக் குறித்து எனக்கு ஒரு பாரம் கொடுத்தார்" என்றால் மனதை விடாமல் அழுத்தும் அக்கறை. "பாரத்தோடே ஜெபிங்க" என்றால் ஏனோதானோவென்று ஜெபிக்காதீர்கள் என்று பொருள். வெளியே மூட்டை தூக்குகிறவருக்குப் பாரம் வெறும் கனம்தான்.

இந்தச் சொல் கலாத்தியர் 6-இல், அதாவது அப்போஸ்தலன் பவுல் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தின் 6-ஆம் அதிகாரத்தில், முட்டிக்கொள்கிறது. 2-ஆம் வசனம்: "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, இப்படியே கிறிஸ்துவினுடைய பிரமாணத்தை நிறைவேற்றுங்கள்." 5-ஆம் வசனம்: "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே." சரி, அப்போது யார்தான் சுமப்பது? உதவி கேட்பவர் முதலாவதைச் சொல்வார். கொடுக்க மனமில்லாதவருக்கு இரண்டாவது கைவசம் இருக்கும்.

பவுல் கிரேக்கத்தில் எழுதியது இரண்டு வேறு சொற்கள். முதலாவது 'பாரோஸ்': அழுத்துகிற கனம். பாரோமீட்டரில் இருப்பது இதுதான். இயேசு சொன்ன உவமையில் திராட்சத்தோட்டக் கூலியாட்கள் முணுமுணுக்கும் இடத்தில் (மத்தேயு 20:12) இதே சொல்லைத் தமிழ் வேதாகமம் "பகலின் கஷ்டம்" என்கிறது. இரண்டாவது 'ஃபோர்த்தியோன்': ஒருவர் தூக்கிப்போகும் மூட்டை, கப்பலில் ஏற்றும் சரக்கு. "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" (மத்தேயு 11:30) என்று இயேசு சொல்லும் இடத்தில் வருவது இது.

ஒரு வேடிக்கை. நம் 'பாரம்' வடமொழி 'பார'விலிருந்து வந்தது. அதன் வேர் 'ப்ரு', தாங்குதல். ஒலியைக் கேட்டு 'பாரோஸ்' அதன் உறவு என்று நினைப்போம், இல்லை. ஃபோர்த்தியோன்தான் அதன் உடன்பிறப்பு. பாரோஸுக்கு வடமொழி உறவு 'குரு', கனமானது என்று பொருள்.

நல்ல தமிழ்ச் சொல் தேடினால் முதலாவதற்குப் 'பளு', இரண்டாவதற்குச் 'சுமை'. வேலைப்பளு என்கிறோமே, அந்த அழுத்தம்தான் பாரோஸ். ஆனாலும் 2-ஆம் வசனத்தில் பாரமே இருக்கட்டும் என்பேன். சபைப் பேச்சில் ஊறிவிட்டது, பொருளும் கெடவில்லை. 5-ஆம் வசனத்தில்தான் 'தன்தன் சுமையை' என்று மாற்ற வேண்டும். 'பொறுப்பு' என்றுகூடச் சொல்லலாம்; அதுவும் 'பொறு', அதாவது தாங்கு என்பதிலிருந்து வந்ததே.

விறகுக்கட்டு சுமக்கும் பெண்ணைப் பாருங்கள். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் ஒரு கை பிடி" என்பாள். தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். அப்புறம் வீடுவரை நடப்பது அவள்தான். முன்பெல்லாம் வழியில் இறக்கி ஏற்ற ஆள் இல்லையென்றால் தலையுயரத்தில் சுமைதாங்கிக் கல் இருக்கும்.

இருந்தாலும் இரண்டு சொல்லுக்கும் நடுவே சுவர் எழுப்பிப் பிரசங்கிப்பது அதிகப்படி. மத்தேயு 23:4-இல் வேதபாரகர், அதாவது வேதச் சட்டத்தைக் கற்பிப்பவர்கள், மனுஷர் தோளில் ஏற்றுவதும் ஃபோர்த்தியோன்தான். அங்கே அது கனத்தது. தமிழும் "பாரமான சுமைகளை" என்று இரண்டு சொல்லையும் அழகாகச் சேர்க்கிறது. ஆகவே கலாத்தியரில் பொருளைத் தீர்மானிப்பது அகராதியைவிட அக்கம்பக்கத்து வசனங்கள்: 1-இல் பவுல் குற்றத்தில் அகப்பட்ட ஒருவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தச் சொல்கிறார், 4-இல் அவனவன் தன் செயலைச் சோதித்துப்பார்க்கச் சொல்கிறார்.