இரட்டை அளவுகோல்: ஒரு சொல்லின் பொருளும் வரலாறும்

ஒரே செயலை இருவர் செய்திருக்க, ஒருவருக்கு ஒரு விதியையும் மற்றவருக்கு வேறொரு விதியையும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதை ஆங்கிலத்தில் ‘டபுள் ஸ்டாண்டர்டு’ என்கிறார்கள். விளையாட்டு வீரர்கள் சமூக ஊடகங்களில் எழுதிய இழிசொற்கள் செய்தியாகும் போதெல்லாம் இந்தச் சொல்லும் கூடவே வருகிறது. தமிழில் எழுதுவோர் இதற்கு இரட்டை நிலைப்பாடு, இரட்டை வேடம், இரட்டை நாக்கு, பாரபட்சம், ஓரவஞ்சனை என ஐந்தாறு சொற்களை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கக்கூடிய சொற்கள் அல்ல. யாரைக் குற்றம் சாட்டுகிறோம், எந்தக் குற்றத்தைச் சாட்டுகிறோம் என்பது சொல்லுக்குச் சொல் மாறிவிடுகிறது. ஒருவருடைய பிழைப்பும் பெயரும் தொங்கிக்கொண்டிருக்கும் வழக்கில் அதைச் சிறு பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஆங்கிலச் சொல்லின் வரலாறு. ‘ஸ்டாண்டர்டு’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. போர்க்களத்தில் படை திரளுவதற்காக நாட்டப்பட்ட கொடியை அது குறித்தது. பின்னர் அரசு நிர்ணயித்த எடைக்கும் அளவுக்கும் பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ‘டபுள் ஸ்டாண்டர்டு’ என்றால் பொன், வெள்ளி ஆகிய இரண்டையும் நாணயத்தின் மதிப்புக்கு அடிப்படையாகக் கொள்ளும் முறை என்றே பொருளாதாரம் எழுதியவர்கள் பொருள் கொண்டார்கள். அதில் பழிச்சொல் ஏதும் இல்லை. ஆணின் ஒழுக்கத்தை ஒரு விதமாகவும் பெண்ணின் ஒழுக்கத்தை வேறு விதமாகவும் எடைபோடும் வழக்கத்தைக் கண்டிக்கும்போதுதான் அந்தத் தொடர் கசப்பேறியது. பிரிட்டனில் 1864இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழிலில் இருப்பதாக ஐயுறப்பட்ட பெண்களை மட்டும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது, அவர்களிடம் சென்ற ஆண்களைத் தொடவில்லை. ஜோசஃபின் பட்லர் தலைமையில் பெண்கள் நடத்திய நெடிய போராட்டத்தின் பின், 1886இல் அந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. இன்று நாம் கொள்ளும் பொருள் இந்த மண்ணில் முளைத்தது. அதன் நடுவில் இருப்பது நடிப்போ பொய்யோ அன்று. ஒரே கையில் இருக்கும் இரண்டு அளவைகள்.

ஆகவே ‘இரட்டை நிலைப்பாடு’ இதற்குப் பொருந்தாது. நிலைப்பாடு என்பது ஒரு பொருளைப் பற்றி ஒருவர் எடுத்துக்கொண்டு நிற்கும் கருத்து. ஒரே பொருளில் ஒருவரே எதிரெதிரான இரண்டு கருத்துகளைச் சொன்னால் அது இரட்டை நிலைப்பாடு. ‘இரட்டை வேடம்’ இன்னும் கடுமையானது. தெரிந்தே நடிக்கிறார் என்ற குற்றச்சாட்டு அதற்குள் இருக்கிறது, அதை மெய்ப்பிக்க அவருடைய உள்நோக்கத்தைக் காட்ட வேண்டும். ‘இரட்டை நாக்கு’ ஆளுக்கு ஏற்றபடி பேச்சை மாற்றுகிறவரைச் சுட்டும். இந்த மூன்றும் பேசுகிறவரைப் பற்றிய சொற்கள். நாம் தேடுவதோ தீர்ப்பளிக்கிறவரைப் பற்றிய சொல். ‘இரட்டைத் தரம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் உண்டு. அது இரண்டு வகைத் தரமுள்ள சரக்கை நினைவூட்டுமே தவிர நீதியை நினைவூட்டாது.

‘இரட்டை அளவுகோல்’ ஆங்கிலத்தைப் பார்த்து உருவான தொடர்தான் என்றாலும், அதற்குள் இருக்கும் கோல் நம் மொழியில் நெடுங்காலமாக நீதியின் பக்கத்தில் நின்ற சொல். நிலத்தை அளப்பது கோல், எடையைக் காட்டுவது துலாக்கோல், ஆட்சியின் அடையாளம் செங்கோல். செம்மை என்பதற்கு இங்கே நேராக இருத்தல் என்று பொருள். அதற்கு எதிரான கொடுங்கோல் வளைந்த கோல். கொடுமை என்ற சொல்லுக்கே வளைவு என்பது பழைய பொருள். ‘கோடுதல்’ என்றால் வளைதல், நடுவு பிறழ்தல். அதிலிருந்து பிறந்த ‘கோட்டம்’ வளைவையும் குறிக்கும், ஒருபக்கம் சாய்ந்த மனத்தையும் குறிக்கும். ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி’ என்ற குறளில் கோலும் கோடாமையும் ஒரே வரியோட்டத்தில் வந்து நிற்கின்றன.

அந்தக் குறளில் ‘சமன்செய்து’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தராசைத் தூக்கிப் பிடிக்கிறவர் சரக்கை வைப்பதற்கு முன் வெறுந்தட்டுகளோடு ஒருமுறை பிடித்துக் காட்டுவார். முள் நடுவில் வந்து நிற்கும் வரை காத்திருப்பார். அதன் பிறகே ஒரு தட்டில் எடைக்கல்லும் மறு தட்டில் பொருளும் ஏறும். வெறுந்தட்டில் முள் சாய்ந்திருந்தால், பிறகு எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் அந்த எடை பொய். தீர்ப்பளிப்பவர் தாம் முதலில் சமனாக நின்று, அதன் பிறகே தம் முன் வந்ததை எடைபோட வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

‘இரட்டை’ என்ற அடையும் வெறும் எண்ணிக்கைச் சொல் அன்று. இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஒரே பேற்றில் பிறந்த இருவர். ஓராண்டு இடைவெளியில் பிறந்த இருவரை அப்படிச் சொல்வதில்லை. ஒரே வேளையில் சேர்ந்திருத்தல் என்ற சாயல் அந்தச் சொல்லில் உண்டு. இதை மறந்துவிடுவதால்தான் விளையாட்டுச் செய்திகளில் இந்தத் தொடர் தவறான இடங்களில் விழுகிறது என்று கருதுகிறேன்.

2021 ஜூன் 2 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்துக்கு எதிரான அந்த டெஸ்டில் ஆலி ராபின்சன் இங்கிலாந்துக்காக முதல்முறை ஆட வந்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பாகுபாட்டுக்கு எதிரான வாசகங்கள் எழுதிய சட்டைகளை அணிந்து அணியினர் வரிசையாக நின்றார்கள், அவரும் நின்றார். அதே நாளில், 18 வயதிலிருந்து 20 வயதுக்குள் அவர் ட்விட்டரில் எழுதிய இனவெறிப் பதிவுகளும் பெண்களை இழிவுபடுத்தும் பதிவுகளும் வெளியே வந்தன. மாலையில் அவர் ஊடகங்களின் முன் மன்னிப்புக் கேட்டார். போட்டியில் 7 விக்கெட்டுகளை எடுத்தார். முடிந்ததும் சர்வதேச ஆட்டங்களிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். பிறகு கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம் 8 ஆட்டத் தடை விதித்தது. அதில் 5 ஆட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன, மீதி 3 ஏற்கெனவே கழிந்ததாகக் கொள்ளப்பட்டன. 3,200 பவுண்டு அபராதமும் உண்டு.

காலையில் அந்தச் சட்டை, மாலையில் அந்தப் பதிவுகள் என்று அடுக்கிவைத்து, இது வீரரின் இரட்டை நிலைப்பாடு என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் பதிவுகளுக்கும் சட்டைக்கும் இடையே ஏழு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. அன்று ஒன்றும் இன்று வேறொன்றும் நினைப்பவர் மாறியவராக இருக்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் நினைக்கிறார் என்று காட்டினாலன்றி ‘இரட்டை’ என்ற சொல் அவர்மீது ஒட்டாது. அவர் எழுதியவை இழிசொற்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் சொற்களால் காயப்பட்டவர்களுக்கு எழுதியவருடைய வயது ஆறுதலாகாது. ஆனால் அந்தக் குற்றத்தின் பெயர் வேறு. (இத்தகைய பதிவுகளை ‘அவதூறு’ என்று எழுதுவதும் தவறு. அவதூறு என்பது பொய்யைச் சொல்லி ஒருவருடைய நற்பெயரைக் கெடுப்பது. ஓர் இனத்தையோ பாலினத்தையோ தாழ்த்திப் பேசுவதற்கு இழிசொல், வெறுப்புப் பேச்சு என்பவையே பொருந்தும்.)

கேள்வி இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் பக்கம் திரும்பும்போதுதான் அளவுகோலுக்கு வேலை வருகிறது. ராபின்சன் நிறுத்தப்பட்ட சில நாள்களிலேயே இங்கிலாந்து அணியின் இயன் மார்கன், ஜோஸ் பட்லர் ஆகியோரின் பழைய பதிவுகளும் எடுத்துக் காட்டப்பட்டன. இந்தியர்களின் ஆங்கிலத்தைக் கேலி செய்யும் தொனி அவற்றில் இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டது. விசாரிப்பதாக வாரியம் சொன்னது. ஆனால் இருவரும் இடைநீக்கம் செய்யப்படவில்லை, அதே மாதம் இலங்கைக்கு எதிராக ஆடினார்கள். 2022 அக்டோபரில், ராபின்சனைத் தண்டித்த அதே ஒழுங்கு ஆணையம், யூதர்களை இழிவுபடுத்தும் வகையில் 2011இல் ஃபேஸ்புக்கில் எழுதிய அசீம் ரஃபீக்கையும், 2012இல் இனவெறிச் சொல்லை ட்விட்டரில் எழுதிய இன்னொரு வீரர் ஜாக் புரூக்ஸையும் கண்டித்ததோடு விட்டது. யார்க்‌ஷயர் கிரிக்கெட்டில் தமக்கு நேர்ந்த இனவெறியை வெளியே சொல்லி, நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தவர் ரஃபீக் என்பதால் அவருடைய வழக்கு பலரையும் உலுக்கியது. ஏறத்தாழ ஒரே காலத்துப் பதிவுகள், ஒரே ஆணையம், ஒருவருக்குத் தடையும் அபராதமும், மற்றவர்களுக்குக் கண்டனம். பதிவுகளின் எண்ணிக்கையும் கடுமையும் வேறு, ரஃபீக் அப்போது ஆட்டத்திலிருந்தே விலகியிருந்தவர் என்பன போன்ற காரணங்களை ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும், அவை எடைபோட வேண்டிய காரணங்கள்தாம். ஆனால் ‘இரட்டை அளவுகோலா?’ என்று கேட்பதற்கு இங்கே முழு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அளக்கும் கை ஒன்று.

2012ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தந்த இரண்டு தண்டனைகள் என் கண்ணை இன்னும் உறுத்துகின்றன. கால்பந்து வீரர் ஆஷ்லி கோலை ‘வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை’ என்று பழிக்கும் பொருள்படும்படி ஒருவர் ட்விட்டரில் எழுதியதை ஆமோதித்துச் சிரித்த இன்னொரு வீரர் ரியோ ஃபெர்டினாண்டுக்கு 45,000 பவுண்டு அபராதம். சில வாரங்கள் கழித்து, அதே ஆஷ்லி கோல் சங்கத்தையே வசைமொழியால் திட்டி எழுதியபோது அவருக்கு 90,000 பவுண்டு. கோல் தாமே எழுதினார், ஃபெர்டினாண்டு பிறர் எழுதியதற்குத் தலையாட்டினார் என்ற வேறுபாட்டை மறுக்கவில்லை. ஆயினும் ஒரு மனிதருடைய நிறத்தைச் சொல்லி இழித்ததற்கு விழுந்த அபராதத்தைப் போல இரு மடங்கு, தண்டிக்கும் அமைப்பை இழித்ததற்கு விழுந்திருக்கிறது. தட்டில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு முள்ளைப் பார்க்கிற நிலை அது. சமன்செய்தல் அங்கே நடக்கவில்லை.

இனி, பொருந்தாத இடங்கள். ஆஸ்திரேலிய ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபொலாவ், ஒருபாலீர்ப்புடையோருக்கு நரகம்தான் என்று 2018இல் இன்ஸ்டகிராமில் எழுதியபோது தண்டிக்கப்படவில்லை. 2019 ஏப்ரலில் அதே கருத்தை மீண்டும் எழுதியபோது ஒப்பந்தத்தையே இழந்தார். இதை இரட்டை அளவுகோல் என்றவர்கள் உண்டு. முதல்முறை எச்சரித்துவிட்டு இரண்டாம் முறை தண்டித்தோம் என்றது நிர்வாகம். அப்படியானால் கோல் ஒன்றே, குற்றம்தான் இரண்டாம் படிக்கு ஏறியது. மத நம்பிக்கையைச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பது பெரிய வழக்கு, ஆனால் அது வேறு வழக்கு.

கால்பந்திலிருந்து இன்னோர் இணை. பெர்னார்டோ சில்வா 2019இல் தம் அணித்தோழரை ஒரு மிட்டாய் நிறுவனத்தின் கறுப்புச் சின்னத்தோடு ஒப்பிட்டுப் பதிவிட்டதற்கு ஓர் ஆட்டத் தடை, 50,000 பவுண்டு அபராதம். எடின்சன் கவானி 2020 நவம்பரில் சவுதாம்ப்டனுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தபின், வாழ்த்திய நண்பருக்கு ‘கிராசியாஸ் நெக்ரிட்டோ’ என்று நன்றி எழுதியதற்கு 3 ஆட்டத் தடை, 1,00,000 பவுண்டு அபராதம். இடையில் விதியே எல்லோருக்குமாகக் கடுமையாக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்து வந்த இரண்டு அளவுகோல்களை இரட்டை என்பதில்லை.

ஆனால் கவானியின் வழக்கில் இதற்கு நேர்மாறான ஒரு குறை இருக்கிறது. ‘நெக்ரோ’ என்றால் ஸ்பானிய மொழியில் கறுப்பு. ‘இட்டோ’ என்பது சிறுமையையும் செல்லத்தையும் காட்டும் விகுதி. உருகுவேயில் அந்தச் சொல் நெருங்கியவர்களை, நிறம் எதுவானாலும், அன்போடு அழைக்கப் பயன்படுகிறது என்று அந்நாட்டின் தேசிய இலக்கியக் கழகம் எடுத்துச் சொல்லி, தண்டனையைக் கண்டித்தது. வெவ்வேறு மொழிகளின் சொற்களை ஒரே மொழியின் கோலால் அளந்தார்கள் என்பது அவர்களுடைய முறையீடு. கோல் இரண்டாக இருப்பது போலவே, அளக்க முடியாததை அளக்க ஒன்றே கோலாக இருப்பதும் கோட்டம்தான். அந்தக் குறைக்கு ‘இரட்டை அளவுகோல்’ என்று பெயரிட முடியாது. ‘பொருந்தா அளவுகோல்’ என்று சொல்லலாம்.

எஞ்சியிருப்பவை பாரபட்சமும் ஓரவஞ்சனையும். பட்சம் என்பது சிறகையும் பக்கத்தையும் குறிக்கும் வடசொல். அலுவலக மொழியில் நிலைபெற்றுவிட்ட சொல், அதை விலக்கத் தேவையில்லை, ஆனால் தேடி எடுக்கவும் தேவையில்லை. ஓரவஞ்சனை அப்படியன்று. ஓரம் என்றால் விளிம்பு, ஒரு பக்கம். அவையில் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்வதை ‘ஓரம் சொல்லுதல்’ என்பது பழைய வழக்கு. ‘மன்றோரம் சொன்னார் மனை’ பாழ்மனையாகும், அங்கே வெள்ளெருக்கு பூக்கும் என்று நல்வழி சபிக்கிறது. இந்தச் சொல்லில் விதிப்புத்தகம் இல்லை, அளவை இல்லை; தன் ஆள் என்ற பாசம் மட்டும் இருக்கிறது.

அதனால்தான் ரசிகர்களின் நடத்தைக்கு இதுவே சரியான சொல் என்கிறேன். 2018 ஜூலையில், அமெரிக்க பேஸ்பால் நட்சத்திர ஆட்டத்தில் ஜோஷ் ஹேடர் பந்து வீசிக்கொண்டிருந்த இரவில், 17 வயதில் அவர் எழுதிய இனவெறிப் பதிவுகள் வெளிவந்தன. அமைப்பு அவரைத் தடை செய்யாமல் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. சில நாள்களில் மில்வாக்கியில் தம் சொந்த மைதானத்தில் அவர் பந்து வீச வந்தபோது, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மன்னிப்பு என்று சிலர் அதைச் சொன்னார்கள். எதிரணியில் ஆடும் ஒருவர் அதே பதிவுகளை எழுதியிருந்தால் அதே கூட்டம் எழுந்து நின்றிருக்குமா என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கைகளில் இரண்டு கோல்கள் இல்லை, ஒரு கோலும் இல்லை என்பது விளங்கும். வாரியம் செய்தால் இரட்டை அளவுகோல். அரங்கம் செய்தால் ஓரவஞ்சனை. செய்தி எழுதுவோர் இந்த ஒரு வேறுபாட்டையாவது காக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு: ‘இரட்டை அளவுகோல்கள்’ என்று பன்மையில் எழுதுவது வேண்டாதது, இரண்டு என்பது அடையிலேயே இருக்கிறது. ‘இரட்டை அளவுகோலைக் கையாள்கிறது’, ‘இரட்டை அளவுகோலால் அளக்கிறது’ ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. வினையோடு ஒட்டி நிற்பதால் இரண்டாவதையே நான் எழுதுகிறேன்.