சூடு கூடினால் திராட்சையை உறைபனியும் கருக்கும்

"பூமி சூடானால் திராட்சைக்கு நல்லதுதானே, பழம் நன்றாக இனிக்குமே?" நான் ஒயின் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்று தெரிந்ததும் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். இனிக்கும், அதில் சந்தேகமில்லை. கெடுதலே அங்கேதான் தொடங்குகிறது.

அறுவடை நெருங்கும்போது பழச்சாற்றில் சர்க்கரையையும் புளிப்பையும் அளந்துகொண்டே இருப்போம். வெயில் ஏற ஏறச் சர்க்கரை விறுவிறுவென்று கூடும், புளிப்பு தரும் மாலிக் அமிலமோ பழத்தின் சுவாசத்திலேயே கரைந்துபோகும். ஆனால் தோலின் நிறமும் விதையின் துவர்ப்பும் பக்குவப்படுவதற்கு அவற்றுக்கான நாள் வேண்டும். அதற்காகக் காத்திருந்தால் சர்க்கரை எல்லை மீறிவிடும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால். 12 சதவீதத்தில் நின்ற ஒயின்கள் 14-ஐத் தாண்டுவது இப்படித்தான். புளிப்பு இறங்க இறங்க பிஎச் என்ற அமில அளவீடு ஏறும்; அது 3.8-க்கு மேல் போய்விட்டால் ஒயினைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகும்; அவற்றைத் தடுக்கச் சேர்க்கும் சல்பர் டை ஆக்சைடும் வலுவிழக்கும்.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், போன் என்ற ஊரின் அறுவடை நாள்கள் 1354 முதல் பதிவாகியிருக்கின்றன. 1988-க்குப் பிறகு அங்கே சராசரியாக 13 நாள் முன்னதாகவே பழம் பறிக்கிறார்கள்.

வெயிலைவிட எனக்கு அதிகம் கவலை தருவது உறைபனி. 2021 மார்ச் கடைசியில் பிரான்சில் கோடை மாதிரி வெயில் அடித்தது. கொடிகள் ஏமாந்து துளிர்விட்டன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. உறக்கத்தில் இருக்கும் மொட்டு மைனஸ் 15 டிகிரியைக்கூடத் தாங்கும், ஆனால் விரிந்த துளிர் மைனஸ் 2-லேயே கருகத் தொடங்கும். பர்கண்டியின் ஷாப்லி என்ற ஊரில் இரவெல்லாம் வரிசை வரிசையாக மெழுகுச் சட்டிகளை எரித்தார்கள். சிலர் கொடிமேல் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும் என்பதால், பனிக்கூட்டுக்குள் துளிர் பூஜ்யத்தை ஒட்டியே பிழைத்திருக்கும். ஆனால் விடிந்து பனி உருகும்வரை தெளிப்பை நிறுத்தவே கூடாது. இவ்வளவு செய்தும் ஏராளமான விளைச்சல் போயிற்று. ஏப்ரல் பனி அந்த ஊருக்குப் புதிதல்ல. துளிர் முந்திக்கொண்டதுதான் கேடு. இப்படியொரு சேதத்துக்கான வாய்ப்பைக் காலநிலை மாற்றம் சுமார் 60 சதவீதம் கூட்டிவிட்டதாக அறிவியலாளர்கள் கணக்கிட்டார்கள்.

கவாத்தை, அதாவது கொடியை வெட்டிவிடுவதை, தள்ளிச் செய்தால் துளிர்ப்பும் சில நாள் தள்ளிப்போகும். செலவில்லாத வழி இது, எல்லோரும் செய்யலாம். முன்பு குலையில் வெயில் படட்டும் என்று இலையைக் கிள்ளிய இடங்களில் இப்போது நிழலுக்காக விட்டுவைக்கிறார்கள். சீக்கிரம் பழுக்கும் மெர்லோ என்ற திராட்சை ரகம் அதிகமுள்ள பிரான்சின் போர்தோ பகுதியில், 2021-ல் சூட்டுக்கு ஏற்ற ஆறு புதிய ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் நிலத்தில் 5 சதவீதம் வரை மட்டும். இந்த அளவு போதாது என்பதே என் கருத்து. இன்று நடும் கொடி 2050-லும் காய்க்க வேண்டும் அல்லவா?

அப்புறம் காட்டுத்தீ. 2020-ல் கலிபோர்னியாவின் நாப்பாவில் தீ நெருங்காத பல தோட்டங்களையும் புகை கெடுத்தது. புகையிலுள்ள பீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் பழத்துக்குள் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்ளும். கடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நொதித்த பிறகுதான் சாம்பல் ருசி வெளிவரும். புகை சூழ்ந்த தோட்டமென்றால் முழுத் தோட்டத்தையும் பறிக்கும் முன் ஒரு வாளிப் பழத்தை மட்டும் நொதிக்க வைத்து, அந்த ஒயினைச் சோதனைக்கு அனுப்புங்கள்.